விருதுபட்டிப் பேட்டை: ஒரு பருத்திச் சந்தை நகரமான வரலாறு

விருதுநகர் எப்படி நகரமானது என்று கேட்டால், ரயில் வந்ததால் என்பதே வழக்கமான விடை. மதுரை–தூத்துக்குடி மீட்டர்கேஜ் பாதை 1876இல் திறக்கப்பட்டு, அப்போது விருதுபட்டி எனப்பட்ட இந்த ஊருக்கு ஒரு நிலையம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அதே பாதை சாத்தூருக்கும் போனது. சாத்தூர் தாலுகாவின் தலைமையிடம், வைப்பாற்றங்கரை ஊர். விருதுபட்டியோ அந்தத் தாலுகாவுக்குள் அடங்கிக் கிடந்த ஊர். பெரும்பாலும் மணலோடும் கௌசிகா நதியை நம்பி அங்கே யாரும் பிழைக்க முடியாது. இருந்தும் பருத்தி வணிகத்தில் முந்திக்கொண்டது விருதுபட்டிதான். எனவே விடையைத் தண்டவாளத்துக்கு முன்பிருந்தே தேட வேண்டியிருக்கிறது.

திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்களுக்கு இந்தக் கரிசல் பூமி அந்நிய நிலம். பாளையப் போர்கள் 1801இல் ஓயும்வரை வழித்துணையின்றிச் சரக்கு கொண்டுபோவது ஆபத்து. இரவில் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு இறக்கத் திண்ணை. சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்ற ஆறு ஊர்களில் இப்படி வேர் பிடித்த குடியிருப்புகளே பின்னாளில் கடைவீதிகளாயின.

பேட்டையை நடத்தப் பணம் வேண்டுமே! அதற்குத்தான் மகமை. வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் போகும். நிதியை நாடார்களின் ஊர்ச் சபையான உறவின்முறை நிர்வகித்தது. தலைக்கட்டு வரி செலுத்துபவரே அதில் உறுப்பினர். வழக்குகளை விசாரித்ததும், அபராதம் விதித்ததும், கோயில் கொடையை நடத்தியதும் அந்த அமைப்பே. என் பார்வையில் மகமையின் தனிச்சிறப்பு இதுதான்: வணிகம் பெருகப் பெருக, யாரும் தனியாக நன்கொடை கேட்டு அலையாமலே பொதுநிதியும் பெருகும். நகராட்சி என்ற ஒன்று 1915இல் வருவதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ ஒரு நகராட்சியின் வேலையை இந்த நிதி செய்துகொண்டிருந்தது.

அந்த நிதிக்குக் கனம் சேர்த்தது பருத்தி. கரிசல் மண் ஐப்பசி மழையை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் பஞ்சாகத் திருப்பித் தரும். 1861–65இல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து தடைபட்டபோது, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே போன ‘திருநெல்வேலிப் பருத்தி’க்கு விலை எகிறியது. போர் முடிந்து விலை சரிந்த பிறகும் வணிகப் பழக்கமும் தொடர்புகளும் தங்கிவிட்டன. ரயில் வந்தபோது அதில் ஏற்றச் சரக்கும், சரக்கை வாங்க முதலும் இங்கே ஏற்கெனவே இருந்தன. கிழக்கே அருப்புக்கோட்டைக் கரிசலும் மேற்கே சிவகாசி, திருவில்லிபுத்தூர் வட்டாரமும் வண்டிப்பாதைகளால் இந்த நிலையத்தை நோக்கின. சாத்தூரைவிட விருதுபட்டிக்கு இருந்த சாதகம் அந்தச் சந்திப்புதான் என்று நினைக்கிறேன்.

மகமையின் பலன் கல்விக்கும் போனது: 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி தொடங்கப்பட்டது. வீடுதோறும் ஒதுக்கிவைத்த பிடியரிசியும் வணிகர்களின் மகமையும் அதைத் தாங்கின. 1903இல் இவ்வூரில் பிறந்த காமராஜர் படித்த பள்ளி அதுவே. 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆனது.

இந்த வளர்ச்சியை வெறும் வணிகச் சாதனையாகப் படிப்பது அரைகுறை வாசிப்பு. பேட்டைக்கு மதில் எழுந்ததற்குக் காரணமான ஆபத்து பின்னாளில் வேறு வடிவில் தொடர்ந்தது. நாடார்கள் கோயிலுக்குள் நுழைவதை மற்ற சாதியினர் எதிர்த்த பூசல் முற்றி 1899இல் சிவகாசி தாக்கிச் சூறையாடப்பட்டது. கையில் பணம் இருந்தும் கோயில் வாசல் திறக்கவில்லை. சொந்தப் பள்ளி, சொந்தக் கோயில் என்ற வேகத்துக்குப் பின்னால் அந்த அவமானமும் உண்டு. அதே சமயம் மகமை நிதியின் சாவி ஒரு சாதியின் உறவின்முறையிடமே இருந்தது என்பதையும் ஆய்வாளர் மறைக்கக் கூடாது.

சுற்றுவட்டார ஊர்கள் பருத்தியோடு நிற்கவில்லை. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1923 வாக்கில் சிவகாசியில் அதைத் தொடங்கினர். வறண்ட வானிலை தொழிலுக்கு வாகாக இருந்தது. குச்சிக்கான மென்மரம் மட்டும் கேரளத்திலிருந்து வரவேண்டியிருந்தது. 1927இல் முடிந்த விருதுநகர்–தென்காசிப் பாதை சிவகாசியைச் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தோடு இணைத்தது. பட்டாசு அதற்குப் பின் வந்த கதை.

வியப்பு என்னவென்றால், பெரிய நூற்பாலைகள் விருதுநகரில் முளைக்கவில்லை. ஹார்வி ஆலை 1892இல் மதுரைக்குப் போனது, ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தம் ஆலையை நிறுவினார். விருதுநகர் வணிகர்கள் பஞ்சை வாங்கி விற்பதோடு நின்று, பருத்தி மங்கியபோது பயறு, மிளகாய், எண்ணெய் மண்டிகளுக்கு மாறிக்கொண்டார்கள். 1947இல் அவர்கள் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியின் முழுப்பெயரில் ‘விருதுநகர் இந்து நாடார்கள்’ என்ற சொற்கள் இன்றும் இருக்கின்றன.