கோப்பிப் பூவும் தேயிலைக் கொழுந்தும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் துரைமாரிலிருந்தோ கங்காணிமாரிலிருந்தோ தொடங்குவர். செடியிலிருந்து தொடங்குதலும் தகும் என்பதே எம் கருத்து.

கோப்பி பருவத்துக்குக் கட்டுப்பட்டது. வறட்சியில் அதன் பூமொட்டுக்கள் உறங்கிக் கிடக்கும். மழை விழுந்து பத்து நாட்களுள் சரிவெங்கும் வெண்பூ மலர்ந்து, இரண்டு மூன்று நாட்களில் உதிர்ந்துவிடும். ஒருசேரப் பூப்பதனாற் பழமும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பழுக்கும். ஆகவே தோட்டங்களுக்குப் பெருந்தொகையானோர் வேண்டப்பட்டது ஆண்டின் சில மாதங்களுக்கே. அம்மாதங்களை நோக்கித் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

1869இல் மடுல்சீமையிற் கண்ட இலைத்துரு நோய் பரவிக் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். ஹற்றன், திம்புள்ள, நுவரெலியாப் பகுதிகளும் பின்னர் தேயிலைக்கு மாறின.

தேயிலையின் போக்கு வேறு. உண்மையில் அதுவும் மரமே. விட்டுவிட்டால் ஓங்கி வளர்ந்து பூத்துக் காய்க்கும். கவ்வாத்தும் கொழுந்து பறித்தலுமே அதனை இடுப்பளவில் நிறுத்தித் தளிர்க்கச் செய்கின்றன. தளிரும் இடையறாது வளர்வதன்று. சில இலைகளை விட்டபின் நுனிமொட்டு உறங்கும், பின்னர் விழிக்கும். ஆயினும் ஒரு செடியின் கிளைகள் யாவும் ஒரே வேளையில் உறங்குவதில்லை. ஆதலால் ஏழெட்டு நாட்களுக்கொருமுறை அதே மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பவேண்டியுள்ளது. வறட்சியிற் கொழுந்து குறையுமேயன்றி நிற்பதில்லை. (கொழுந்து குறைந்தாற் பேரும் அரைப்பேராகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

இத்தகைய பயிருக்கு வந்துபோவோர் போதார். கொழுந்துக்குப் பெண்களும் கவ்வாத்துக்கு ஆண்களுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பிறப்பும் இறப்பும் அங்கேயே நிகழ்ந்தன.

எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பதிவுகளற்ற லயத்து மக்கள் அதற்கு எங்கே போவர்? 'வந்து போகிறவர்கள்' என்ற வாதம் கோப்பிக் காலத்துக்கு ஓரளவு பொருந்தலாம்; தேயிலைத் தலைமுறைகளுக்கு அதனைப் பொருத்தியது பெருந்தவறு. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. இறுதிவரை நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அப்போது பயிர் மாறி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.