ஏரிக்கரையும் கல்வெட்டும்

சில வருஷங்களுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்தில் ஒரு சிறுமி தன் பாட்டனாரிடம், "தாத்தா, நந்தினிக்கு இங்கே சிலை இல்லையா?" என்று கேட்டாள். பாட்டனார் சற்று யோசித்து, "துரோகிக்கு யாரம்மா சிலை வைப்பார்கள்?" என்று பதில் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு அடங்கியும் போயிற்று. நந்தினி என்றொருத்தி சோழ நாட்டில் இருந்ததாக எந்தச் சாசனமும் சொல்லவில்லை. அவள் பிறந்தது 'கல்கி' பத்திரிகையின் அச்சுக்கூடத்தில். ஆனாலும் அந்தப் பாட்டனாருக்கு அவள் ராஜராஜனைப் போலவே மெய்யானவள்.

ஒரு பத்திரிகைக்காரருக்கு இவ்வளவு பெரிய வல்லமை எப்படி வந்தது?

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, பள்ளி இறுதிப் பரீட்சைக்குக்கூட உட்காராமல் படிப்பை உதறிவிட்டுப் புறப்பட்டார். 1922-இல் ஒரு வருஷம் சிறைவாசம். மறு வருஷம் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காக நடந்த 'விமோசனம்' பத்திரிகையில் வேலை. அதன் பின் 'ஆனந்த விகடன்'. அங்கே தலையங்கம் எழுதினார், கதை எழுதினார், 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமரிசனம் எழுதி வித்வான்களைக் கலங்க அடித்தார். 1941-இல் மூன்றாம் முறை சிறை சென்று திரும்பியதும், நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். அதில்தான் 'பார்த்திபன் கனவு' வந்தது. 'சிவகாமியின் சபதம்' வந்தது. 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது.

ஆக, சரித்திர நாவலில் கை வைக்கும்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பத்திரிகைத் தொழில் அதற்குள் அவருடைய ரத்தத்தில் ஊறியிருந்தது. அந்தத் தொழிலை விட்டுவிட்டு அவர் நாவலாசிரியர் ஆனார் என்று சொல்வது தவறு. நிருபருடைய கண்ணோடுதான் பத்தாம் நூற்றாண்டுக்குள் நுழைந்தார்.

பத்திரிகை ஆபீசில் இரண்டு வரித் தந்தி வரும். அதை வைத்துக்கொண்டு முழுப் பத்தி எழுத வேண்டும். வந்தியத்தேவன் கதையும் அப்படித்தான். குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அவரைப் பற்றிக் கிடைப்பது அதற்கு மேல் அதிகமில்லை. அந்த ஒரு வரியிலிருந்து ஒரு குதிரையும், ஒரு குறும்புச் சிரிப்பும், அடங்காத துணிச்சலும் கொண்ட வாலிபனை எழுப்பி, ஐந்து பாகங்களில் நாடு முழுவதும் ஓட விட்டார்.

அந்த வாலிபன் முதலில் நமக்குத் தென்படுவது ஆடிப் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். இன்று வீராணம் என்கிறோம். அந்த ஏரிக்கு வெகு அருகில் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் ஆலயச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனுடைய ஆட்சியின் இரண்டாவது ஆண்டில், அதாவது 987-ஐ ஒட்டி, அரசன் அனுப்பிய உத்தரவைப் பற்றியது அது. பாண்டியன் தலை கொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன: சோமன், ரவிதாஸன், பரமேசுவரன். அவர்களுடைய உறவினரின் சொத்துக்களைக் கைப்பற்றி விற்கச் சொல்கிறது உத்தரவு. கொலை நடந்து ஏறக்குறையப் பதினாறு வருஷங்களுக்குப் பிறகு!

ஏன் கொன்றார்கள்? யார் தூண்டினார்கள்? கல் வாய் திறக்கவில்லை. இடையில் அரசாண்ட உத்தம சோழன் மீது பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அண்ணனைக் கொன்றவனின் பட்டப் பெயராகிய மதுராந்தகன் என்பதை ராஜராஜன் தன் மகனுக்கு வைப்பானா என்று கேட்டார்.

இந்த இடத்தில் கல்கி என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கதாசிரியருக்கு எல்லாச் சுதந்திரமும் உண்டு. மூன்றரை வருஷம் வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களோ, கொலைகாரன் யார் என்று அறியத் துடித்தார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அவர் சொல்லவில்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இருட்டில் இளவரசன் வீழ்கிறான். பிறகு மணிமேகலை, "நான்தான்" என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும், "நான்தான்" என்கிறார். நந்தினியும் ரவிதாஸன் கூட்டத்தாரும் அருகிலேயே இருந்தவர்கள். தீர்ப்பு மட்டும் இல்லை. உத்தம சோழனையோ, பதவி ஆசை இல்லாத ஒரு புஷ்பக் கைங்கரியக்காரனாக மாற்றி, பழியிலிருந்து விடுவித்தார்.

இதை உத்தி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது முப்பது வருஷம் பத்திரிகை நடத்தியவரின் நேர்மையாகவே படுகிறது. ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று அச்சிடக் கூடாது. அவன் செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருந்தாலும் கூடாது. இல்லாத நந்தினியைப் படைக்க அவர் தயங்கவில்லை. இருந்த மனிதன் மீது பழி சுமத்தத் தயங்கினார்.

1954 மே மாதம் தொடர் முடிந்தது. முடிவு போதவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். அவரும் ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். அதன் பிறகு ஏழு மாதங்கூட நிறையவில்லை; டிசம்பர் 5-ஆம் தேதி, ஐம்பத்தைந்தாவது வயதில், காலமானார். அவருடைய எழுத்துக்கள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. 2022-இலும் 2023-இலும் அந்தக் கதை இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, புத்தகத்தைத் தொட்டிராத இளைஞர்களும் வந்தியத்தேவனை அறிந்துகொண்டார்கள்.

நல்லதுதான். ஆனால் வீராணம் ஏரிக்கரைக்குக் கதையைத் தேடிப் போகிறவர்கள், சற்றுத் தூரம் நடந்து உடையார்குடிச் சுவரையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. கல் எங்கே நிற்கிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் கதையின் சுவை குறையாது. கல்லுக்கும் கதைக்கும் நடுவே, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த மனிதரும் அப்போது நம் கண்ணுக்குத் தெரிவார்.

அந்தச் சிறுமிக்கு நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்: "நந்தினிக்குச் சிலை வேண்டாம் அம்மா. உன் தாத்தாவின் மனத்திலேயே ஒன்று இருக்கிறது."