ஆசிரியரும் பேசாத வகுப்பு



இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆக்வொர்த் என்றொரு பள்ளி. குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவினரின் பிள்ளைகளுக்காக, டாக்டர் ஜான் ஃபாதர்கில் முயற்சியில் 1779இல் தொடங்கியது. கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகமாக இருந்து மூடப்பட்ட கட்டடத்தை வாங்கி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆரம்பம் முதலே பெண்பிள்ளைகளுக்கும் இடம். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா?

அவர்களுடைய பழைய வழிபாட்டு முறையில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள்; மனத்தில் ஏதாவது தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். குவேக்கர் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்தே அப்படி உட்காருகிறார்கள். வாத்தியாரும் வாய் திறக்காமல்தான் இருக்க வேண்டும்!

நான் பிரம்பால் மேசையைத் தட்டி வாங்கிய அமைதி வேறு. அது உங்களுக்கே தெரியும். மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே.