தேயிலைத் தோட்டத்தில் அளக்கப்பட்ட ஈறுகள்

பல் தேய்க்காமலே ஒரு மனிதன் முப்பது வருடம் இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஐரோப்பியப் பல் மருத்துவர்கள் வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகம். விடை கிடைத்தது தமிழ்த் தொழிலாளர்களின் வாயில்.

கதை அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பிக்கிறது. நார்வேக்காரரான ஹரால்ட் லோ, 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு சோதனை நடத்தினார். 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். (நம்ம ஹாஸ்டலில் இதற்குத் தனியாக ஆள் சேர்க்க வேண்டியதில்லை!) 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் சரியாகிவிட்டது. மூன்று வாரக் கணக்கு தெரிந்துவிட்டது. வருடக் கணக்கு? அதற்காக யாரையும் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்ல முடியாது. ஏற்கெனவே அப்படி இருப்பவர்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

1970-இல் லோவும் அவரது சகாக்களும் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். தடுப்பு, சிகிச்சை எதுவுமே எட்டாதவர்கள் என்பதுதான் அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்லோவில் 565 பேர், எல்லோரும் மாணவர்களும் கல்வியாளர்களும். சிறுவயதிலிருந்தே பல் டாக்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அந்த 480 பேர் யார்? 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம். 1948-இல் வந்த சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். சரக்கு இருப்பைப் பிரிப்பது மாதிரி. எந்த நாட்டுக்காரர் என்று முடிவாகாத மனிதரின் ஈறு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று மட்டும் துல்லியமாக அளந்தார்கள்!

1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். கடைசியில் மிஞ்சியது 161 பேர். 1986-இல் வந்த முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. எல்லோருடைய பல்லிலும் ஒரே மாதிரி அழுக்கு, காரை. கிட்டத்தட்ட எல்லா ஈறுகளிலும் அழற்சி. சொத்தைப் பல் மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் சேதம் ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகக் கரைந்தது. 35 வயதில் சராசரி இழப்பு சுமார் 9 மில்லிமீட்டர். 81 சதவீதம் பேருக்கு அதே வயதில் சுமார் 4. மீதி 11 சதவீதம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

அப்படியானால் அழுக்கு மட்டும் குற்றவாளி இல்லை. கிருமிக்கு உடம்பு எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் பல்லின் கதியைத் தீர்மானிக்கிறது. அந்தப் பதிலுக்குப் பெயர்தான் அழற்சி. வீக்கம், சிவப்பு, ரத்தக் கசிவு. ஈறில் கசியும் இடம் வழியாகக் கிருமியும் அழற்சிப் பொருட்களும் ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தக் குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிவதிலும் இதே அழற்சிக்குப் பங்கு உண்டு.

தொப்பையும் இங்கேதான் வந்து சேருகிறது. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்று 1993-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 1998-இல் ஜப்பானில் 241 பேரைப் பார்த்ததில், உடல் பருத்தவர்களுக்கு ஈறு நோய் அதிகம் இருந்தது. நம்மவர்கள் "நான் ஒல்லிதானே" என்று தப்பிக்கவும் முடியாது. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23-லேயே ஆபத்து கூட ஆரம்பிக்கிறது என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது.

இதயத்துக்கு வருவோம். 1989-இல் பின்லாந்தில் மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்களின் வாய்தான் மோசம். ஆனால் சிகரெட் பிடிப்பவருக்கு ஈறும் கெடும், இதயமும் கெடும். வறுமையும் அப்படித்தான். எது காரணம், எது கூட வந்தது என்று பிரிப்பது சுலபம் இல்லை. 2007-இல் 120 ஈறு நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. தீவிர சிகிச்சை கொடுத்த மறுநாள் ரத்தக் குழாயின் செயல்பாடு குறைந்தது. ஆறு மாதத்தில் முன்பைவிட நன்றாகவே ஆனது. இருந்தாலும் 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், தொடர்பு இருப்பது உண்மை, ஈறு நோய்தான் காரணம் என்பதற்கோ ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு குறையும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. பற்பசை விளம்பரக்காரர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை போலும்.

லோ பிற்பாடு அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார், 2008-இல் காலமானார். 2010-இல், முதல் பரிசோதனை முடிந்து நாற்பது வருடம் கழித்து, ஆய்வாளர்கள் மறுபடி மலையகம் போய் அந்தத் தொழிலாளர்களைத் தேடினார்கள். 480 பேரில் 75 பேரின் வாயை மறுபடி பார்க்க முடிந்தது.