உருவப்படமும் பின்னணியும்

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மாத்திரம் உறைவதன்று. வீட்டுச் சுவரிலே தொங்கும் உருவப்படமும் ஒருவகைச் சாசனமே. சுருவில் முதலிய நம் தீவக ஊர்களின் பழைய குடும்பப் படங்களை உற்று நோக்குவோர் இரண்டு செய்திகளைக் காண்பர். சில படங்களில் குங்குமமும் தாலிக்கொடியும் சேலைக்கரையும் மாத்திரம் வண்ணம் பெற்றிருக்க, ஏனைய யாவும் கறுப்பும் வெள்ளையுமாய் நிற்கும். வேறு சிலவற்றில் முகம் தெளிவாயிருக்க, பின்னணி மங்கி மறைந்திருக்கும். இவ்விரு வழக்கங்களும் எவ்வாறு தோன்றின, இவற்றால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

பிரான்சு நாட்டுத் தாகேர் என்பாரின் ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் வெளியிடப்பட்டது. அக்காலக் கமெராவின் முன்னே ஒருவர் பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். இவ்விடரைத் தீர்க்க, வியன்னா நகரக் கணிதப் பேராசிரியர் யோசேப்பு பெட்ஸ்வால் 1840ஆம் ஆண்டிலே உருவப்படத்திற்கெனத் தனி வில்லையொன்றை வகுத்தார். அதன் துவாரம் அகன்றது. ஆதலின் ஒளி பன்மடங்கு புகுந்தது. காத்திருக்கும் நேரமும் குறைந்தது. ஆயின் துவாரம் அகல அகல, தெளிவாய் விழும் ஆழம் சுருங்கும் என்பது ஒளியியல் விதி. கண்ணிற் குவியத்தை நிறுத்தினால், பின்னாலுள்ள சுவரும் மரமும் கலங்கிவிடும். ஆகவே பின்னணி மங்கல் முதலில் அழகுக்காக நாடிப் பெற்றதன்று. விரைவுக்காகக் கொடுத்த விலையாகும்.

மங்கலையே கலையாகக் கொண்டவருள் ஒருவரின் வாழ்வு நம் இலங்கையிலேதான் முடிவுற்றது. யூலியா மார்கரெட் கமரன் 1815ஆம் ஆண்டிலே கல்கத்தாவிற் பிறந்தவர். இவர் கணவர், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவினால் வரலாற்று மாணவர் யாவரும் அறிந்தவர். அம்மையார் 48 வயதிலேதான் கமெராவைக் கையில் எடுத்தார். முகத்திலேயே கூர்மையைத் தளர்த்திப் படம் பிடித்தமையால், குவியம் வைக்கத் தெரியாதவர் என இகழப்பட்டார். 1875ஆம் ஆண்டிலே இலங்கையிற் குடியேறி, இங்கும் மக்களைப் படம் பிடித்து, 1879ஆம் ஆண்டிலே மலைநாட்டிற் காலமானார். அன்று குறையெனப்பட்டதையே இன்றைய உலகம் நிறையெனப் போற்றுகின்றது.

இனி வண்ணத்தை நோக்குவோம். ஒளிப்படம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன்மேல் தூரிகையால் நிறந்தீட்டும் தொழிலும் தோன்றியது. இந்தியாவில் அரண்மனை ஓவியர் பலர் இத்தொழிலை மேற்கொண்டனர். வண்ணப் படச்சுருள் பரவும்வரை இம்முறை வாழ்ந்தது. நிறந்தீட்டுவோன் படத்திலுள்ளவரை நேரிற் கண்டிருத்தல் அருமை. சேலை என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டறிந்தோ, தானே ஊகித்தோ தீட்டுவான். ஆதலின் படத்தின் வடிவம் ஒளி தந்த சான்று. வண்ணமோ மனிதர் தந்த சான்று. அக்குடும்பத்தார் எதனை மதித்தனர் என்பதை அவ்வண்ணம் உரைக்கும். அன்று அணிந்த சேலையின் நிறத்தை உறுதியாய் உரைக்காது. வரலாறு கற்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இதனை நான் கற்றது நூலிலன்று. என் பாட்டியாரின் அந்தியேட்டிக்கு நினைவுமலர் வெளியிட்டபோது, எங்களிடம் இருந்தது ஒரேயொரு நல்ல படம். சுருவில் வீட்டு முற்றத்திலே அவர் நிற்க, பின்னே துலாவும் பனையோலை வேலியும் சங்கடப்படலையும் தெரிந்தன. முகம் எடுப்பாய்த் தோன்றவேண்டுமென்று பின்னணியை மங்கலாக்கி, குங்குமத்துக்கு மாத்திரம் சிவப்பூட்டுமாறு சொன்னவன் நானே. மலர் அழகாகவே அமைந்தது, யாவரும் பாராட்டினர். பின்னர் 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். மூலப் படம் வீட்டோடு போயிற்று. ஆண்டுகள் பல கழித்து மீண்டு சென்றபோது, கிணற்றுக் கட்டின்றி வேறொன்றும் எஞ்சவில்லை. படலை எப்பக்கம் பார்த்திருந்தது என்று என் பிள்ளைகள் கேட்கின்றனர். மலரிலே பாட்டியார் இருக்கின்றார். அவர் நின்ற இடம் இல்லை.

2016ஆம் ஆண்டு முதலாக, பின்னணியைக் கணக்கிட்டு மங்கச் செய்யும் வசதி கைத்தொலைபேசிகளிலே பெருகி வருகின்றது. ஒரு நிறத்தை மாத்திரம் நிறுத்தி ஏனையவற்றை நீக்குதலும் இன்று சிறுவர்க்கும் எளிது. இக்கலைகளை நான் பழிக்கவில்லை. முகத்தின்பால் நம் கண்ணைச் செலுத்தும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஆயினும் எது முக்கியம் என்று இன்று நாம் தீர்ப்பது, நாளை வருவோர் தேடுவதாகாமலும் போகலாம். ஆகவே மாணவர்களே, அழகுக்கு ஒரு படி ஆக்குங்கள். மாற்றாத மூலத்தையும் பேணுங்கள். படத்தின் பின்புறத்தில் ஆளின் பெயரோடு ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். வண்ணம் பின்னர் சேர்த்ததாயின் அதனையும் குறியுங்கள். ஊரை இழந்து மீண்ட நமக்கு, வேலியும் படலையும் வெறும் பின்னணி அல்ல.