இம்ஹோதெப்பும் நபி யூசுப் (அலை) அவர்களும்

பண்டைய எகிப்தின் தலைமைப் பூசாரி இம்ஹோதெப் என்பவரே நபி யூசுப் (அலை) அவர்கள் என்றொரு கருத்து அண்மைக் காலமாக நம்மவரிடையே பரவி வருகிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் மார்க்கச் சொற்பொழிவு மேடையிலும் அதனைச் செவியுற்றேன். அரபுக் கல்லூரி மாணவர் சிலர் என்னிடம் வினவவும் செய்தனர். திருமறைக்குச் சான்று தேடும் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும், அச்சான்று உரைகல்லில் நிற்க வேண்டும்.

இம்ஹோதெப் கி.மு. 27ஆம் நூற்றாண்டளவில் ஜோசர் மன்னரின் அவையில் விளங்கியவர். அதுவரை மன்னர்களின் கல்லறைகள் பெரும்பாலும் பச்சைச் செங்கல்லால் எழுந்தன. சக்காராவில் ஆறு அடுக்குகளுடன் சுமார் 60 மீட்டர் உயர்ந்த கற்பிரமிடை அமைத்த பெருமையை மரபு இவருக்கே அளிக்கிறது. அங்கு 1926இல் கிடைத்த மன்னர் சிலையின் பீடத்தில் இவரது பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னருக்கு அடுத்தவர் என்பது ஒரு பட்டம். ஹீலியோபொலிஸ், அதாவது இன்றைய ஐனுஷ் ஷம்ஸ் பகுதியின் தலைமைப் பூசாரி என்பது மற்றொன்று.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் மக்கள் அவரைக் கடவுளாக்கினர். கிரேக்கர் தம் மருத்துவக் கடவுளான அஸ்கிலிபியசுடன் அவரை ஒன்றாக்கினர். நோயுற்றோர் அவர் ஆலயத்தை நாடினர். ஆனால், அவர் வாழ்ந்த காலச் சான்று எதுவும் அவரை மருத்துவர் எனக் கூறவில்லை.

அவரை நபியவர்களுடன் இணைப்போர் முக்கியமாகக் காட்டுவது, அஸ்வான் அருகே சிஹீல் தீவிலுள்ள கல்வெட்டாகும். ஜோசர் காலத்து ஏழாண்டுப் பஞ்சத்தை அது பேசுகிறது. இம்ஹோதெப்பின் பெயரும் அதில் வருகிறது. ஆனால் அது வெட்டப்பட்டதோ ஜோசருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்திய தாலமி மன்னர் காலத்தில். அதன் முடிவும் வேறு: குனூம் என்ற தெய்வத்தின் ஆலயத்திற்கு மன்னர் நிலமும் வரிவருவாயும் வழங்குகிறார். தானியத்தைக் கதிரோடு சேமித்து வைத்த யூசுப் (அலை) அவர்களின் திட்டம் அங்கில்லை. மேலும், வரலாற்றாசிரியர் நபியவர்களுக்குக் கணிக்கும் காலம் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

இவற்றினும் மேலானது அகீதா. பல தெய்வங்கள் மேலா, ஏகனாகிய அல்லாஹ் மேலா எனச் சிறைத் தோழர்களிடம் கேட்டவர் யூசுப் (அலை) அவர்கள் (12:39). சூரிய வழிபாட்டுத் தலத்தின் தலைமைப் பூசாரியாக அவர்களைக் கருதுவது எங்ஙனம் பொருந்தும்? நபியைப் புகழ்வதாக எண்ணி, அவர்கள் மறுத்ததையே அவர்கள்மீது சுமத்துகிறோம் அன்றோ?

அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) எகிப்தில் 1200இல் தொடங்கிய கொடும்பஞ்சத்தை நேரில் கண்டு பதிவுசெய்தார். மனித எலும்புகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்ற கேலனின் கூற்று பிழை, அது ஒன்றே எனத் துணிந்து எழுதினார். பெரும்புகழ் பெற்றவரின் சொல்லையும் சான்றின்முன் நிறுத்திய அவ்வறிஞரின் வழியே நம் வழி. திருமறைக்கு நலிந்த சான்றின் துணை தேவையில்லை. வல்லாஹு அஃலம்.