இருபது அங்குலக் குழல்

சைனிக்புரி என்னும் பெயருக்கே படைவீரர் ஊர் என்பது பொருள். சிக்கந்தராபாத்தை அடுத்துள்ள அப்பகுதியில், சேனையிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய இல்லம் ஒன்றில், பெரியவர் மறைந்தபின் அவருடைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி பீரோவில் கிடப்பதாகக் கொள்வோம். குழலின் நுனி நசுங்கியிருக்கிறது. பட்டறையில் கொடுத்து இரண்டு அங்குலம் அறுத்துவிட்டால் சீராகிவிடும் என்று மகன் எண்ணுகிறான். அவ்வெண்ணம் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிய, நம் ஆயுதச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டில் இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்நாட்டவர் துப்பாக்கி வைத்திருக்க அநுமதிச் சீட்டு வேண்டும் என்றது சட்டம். ஐரோப்பியருக்கு அதன் விதிகள் விலக்களித்தன. ஆகவே அச்சட்டம் துப்பாக்கியைவிட மனிதனையே வகைப்படுத்தியது எனலாம். ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சியின் கொடிய செயல்களுள் ஒன்றாகக் காந்தியடிகள் 1918-இல் கண்டித்தார்.

விடுதலை பெற்ற இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றி, 1962 அக்டோபர் முதல் நாள் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. இப்போது வகைப்படுத்தப்பட்டது மனிதன் அல்லன், ஆயுதமே. பழைய விலக்குகளுள் குடகு மக்களுக்குரியது வழக்காறு கருதி நீடித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை 2021-இல் ஏற்றுக்கொண்டது.

ஆயுதத்தை எவ்வாறு வகைப்படுத்துவது? ரைபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைச் சுழலச் செய்து நெடுந்தொலைவு செலுத்தும். வேட்டைத் துப்பாக்கியின் உட்குழலோ வழுவழுப்பானது. சிறு ரவைகளைச் சிதறவிடுவது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவே '12 போர்' எனப்படும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வேண்டுவோருக்கு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வழுவழுப்புத் துப்பாக்கியை 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிக்கிறது. பயிரைக் காக்கும் உழவருக்கு வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியையும் அது குறிக்கிறது. நீளத்தைக் குழலின் வாயிலிருந்து, உள்ளே மருந்து வெடிக்கும் இடம் வரையில் அளக்க வேண்டும்.

அந்த 20 அங்குலத்துக்குக் குறைந்துவிட்டால் துப்பாக்கியின் சாதியே மாறிவிடுகிறது! 1962-ஆம் ஆண்டின் விதிகள் அதனை வேட்டைத் துப்பாக்கிகளோடு வைக்கவில்லை. தாமே மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் ஆயுதங்களுக்கு அருகில், முதல் வகையில் வைத்தன. காரணம் வெளிப்படை. நீண்ட துப்பாக்கியைத் தோளில் சுமந்து செல்பவனை ஊரே காணும்; குறுகியதை மேலாடைக்குள் மறைத்துவிடலாம். அமெரிக்காவும் 1934-இல் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடையவற்றைத் தனியே பிரித்து, பதிவும் வரியும் விதித்தது.

இனி, நம் மகனிடம் திரும்புவோம். 28 அங்குலக் குழலில் இரண்டு அங்குலம் போனாலும் 26 மிஞ்சுகிறதே என்று அவன் வாதிடலாம். ஆனால் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தனி அநுமதியின்றிக் குழலைக் குறைப்பதையே தடுக்கிறது; எவ்வளவு மிஞ்சுகிறது என்று அது கேட்பதில்லை. ஒரு வகை ஆயுதத்தை வேறொரு வகையாக மாற்றுவதும் 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இத்தடைக்குள் வந்தது. அத்திருத்தம் குழல் குறைப்போர்க்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத்தண்டனையும் விதித்தது. பழுது நீக்கும் எண்ணம் ஒன்றே அவனைக் காக்காது.

அவன் செய்யத்தக்கது எளிது. உரியவர் மறைந்தபின் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ அநுமதி பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு அநுமதி கோரலாம். ஒரு காலத்தில் நம் நிறத்தைப் பார்த்த சட்டம் இன்று குழலை அளக்கிறது. முன்னதன் முன் நாம் தலைகுனிந்து நின்றோம். பின்னதன் அளவுகோல் யாவர்க்கும் ஒன்று. அதனை மதித்தல் நமக்கு இழுக்கன்று.